ஓட்டையை அடைத்த பிறகு: இதயத்தில் ‘குடை’ வைத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஓர் இதயப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றேன். நான் வேலையை விட்டாலும் கேள்விகள் என்னை விடவில்லை. செந்தூல் கோயில் வாசலோ, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையோ, உறவினர் திருமணமோ, எங்கே போனாலும் யாராவது ஒருவர் தனியாக அழைத்து, “மிஸ்ஸி, என் பிள்ளைக்கு இதய ஓட்டையில் குடை வைத்தார்களே…” என்று தொடங்குவார். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஆகவே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் போக்கிலேயே விட்டு, பேச்சை மட்டும் சற்றுத் திருத்தியிருக்கிறேன்.

குடை வைக்கும் அன்று நடப்பதை மருத்துவமனையிலேயே விளக்கமாகச் சொல்லிவிடுவார்கள். இங்கே நான் சொல்வது அதற்குப் பிறகு, மாதங்களும் வருடங்களும் கழித்து வரக்கூடியவை. உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் எக்கோவை, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தவர் அவர், நான் அல்ல.

இதயத்துக்குள் வைத்த குடை என்பது உண்மையில் என்ன?

நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகக் கம்பியால் பின்னிய வலை அது. இரண்டு தட்டுகள், நடுவே ஓர் இடுப்பு, உள்ளே பாலியெஸ்டர் துணி. தொடையிடுக்கு இரத்தக் குழாய் வழியாக மடக்கிக் கொண்டுபோய், ஓட்டையின் இரு பக்கமும் விரித்துவிடுவார்கள். கம்பிச் சட்டத்தின் மேல் சவ்வு போர்த்திய வகைகளும் உண்டு. அறுவை இல்லாமல் ஓட்டையை அடைக்கும் முயற்சி 1970களிலேயே தொடங்கியது. இன்று பலருக்கும் வைக்கப்படும் ஆம்பிளாட்சர் வகை மனிதருக்கு முதன்முதலில் வைக்கப்பட்டது 1995இல். அமெரிக்க அனுமதி 2001இல் கிடைத்தது.

உங்களுக்கு எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேலறைகளுக்கு இடையே உள்ள சுவரா, கீழறைகளுக்கு இடையே உள்ள சுவரா, பிறந்ததும் மூடியிருக்க வேண்டிய நாளமா, அல்லது பக்கவாதம் வந்த பிறகு கண்டுபிடித்து அடைத்த பிஎஃப்ஓவா (பிறந்த பிறகும் மூடாமல் இருந்துவிட்ட மேலறைச் சுவரின் சிறு திறப்பு)? எல்லாவற்றையும் ‘குடை’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் பின்னால் வரும் சிக்கல்கள் ஒன்றுக்கொன்று வேறு.

எத்தனை வருடம் தாங்கும்? பிள்ளை வளர்ந்தால் பெரிய குடை மாற்ற வேண்டாமா?

வேண்டாம். பேட்டரி இல்லை, தேய்ந்து தீரும் பாகமும் இல்லை. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் உடலின் சொந்தத் திசு அதன் மேல் படர்ந்து மூடிவிடும். பிள்ளையின் இதயம் வளரும்போது சுவரும் சுற்றிலும் வளரும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 1995க்குப் பிறகு வந்த பொருள் இது. ஐந்து வயதில் வைத்துக்கொண்டு எண்பது வயது வரை வாழ்ந்தவர் உலகில் இன்னும் யாரும் இல்லை. தொடர்ந்து பரிசோதனைக்கு வரச் சொல்வதற்கு அதுவே போதுமான காரணம்.

ஆறு மாதம் ஆனதும் கார்டிப்ரினை (ஆஸ்பிரின் மாத்திரையை) நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் எல்லாம் முடிந்தது அல்லவா?

மாத்திரை முடிந்தது, கவனிப்பு முடியவில்லை. திசு மூடும் வரை உலோகத்தின் மேல் இரத்தம் உறையாமல் இருக்கவே ஆஸ்பிரின், சிலருக்குக் கூடவே கிளோபிடோக்ரெல் தருகிறார்கள். உறைகட்டி வருவது அரிது. 2004இல் வெளியான, ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் மேலறை ஓட்டை அடைத்தவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கும், பிஎஃப்ஓ அடைத்தவர்களில் 2.5 விழுக்காட்டினருக்கும் அது காணப்பட்டது. பெரும்பாலும் நான்காம் வாரப் பரிசோதனையிலேயே. கருவியின் வகைக்கு வகை இது பெரிதும் மாறியது. பக்கவாதம் வந்து பிஎஃப்ஓ அடைத்தவர்களும், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் ஆறு மாதத்துக்குப் பிறகும் மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நிறுத்தினார்கள் என்று நீங்களும் நிறுத்தாதீர்கள்.

மேலறை ஓட்டைக்கான ஆம்பிளாட்சர் என்றால், வீட்டுக்குப் போகும் முன், ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில், ஓராண்டில் எக்கோ; அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரைப் பார்ப்பது என்பது தயாரிப்பாளர் சொல்லும் அட்டவணை. சில ஆண்டுகள் கழித்து மருத்துவர் இடைவெளியைக் கூட்டலாம். கூட்ட வேண்டியவர் அவர்தான்.

பின்னால் என்னதான் ஆகும்? மறைக்காமல் சொல்லுங்கள், பயப்பட மாட்டேன்.

பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. இது ஆறுதல் வார்த்தை அல்ல, நிலவரம். சிலருக்கு வரக்கூடியவை: குடை இதயச் சுவரை உரசி அரிப்பது, நழுவுவது, துடிப்புக் கோளாறு, ஓரத்தில் கசிவு, கிருமித் தொற்று, மேலே சொன்ன உறைகட்டி. கம்பிச் சட்ட வகைக் கருவிகள் சிலவற்றில் கம்பி முறிந்தது எக்ஸ்ரேயில் தெரியவந்ததுண்டு. அவர்களில் பலருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. சிறு குழந்தைகளின் நாளத்தை அடைக்கும்போது கருவி பக்கத்துக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டு ஓட்டத்தைக் குறுக்கலாம். அதை எக்கோவில் அளந்து பார்ப்பார்கள்.

குடை இதயத்தை அரித்துத் துளைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பொய்தானே?

பொய் இல்லை. மிகைப்படுத்தப்பட்ட உண்மை. மேலறை ஓட்டைக்கு வைக்கும் வலை வகைக் கருவிகளில், ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இது நேரலாம் என்பது மதிப்பீடு. பிஎஃப்ஓ கருவிகளில் இன்னும் மிக அரிது. பல நிகழ்வுகள் முதல் சில நாட்களிலோ வாரங்களிலோ வெளிப்படுகின்றன. ஆனால் பல ஆண்டுகள் கழித்து வந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் நிபுணர் குழுவைக் கூட்டி இதை ஆராய்ந்தது; 2013இல் எச்சரிக்கையும் வெளியிட்டது.

இடம் முக்கியம். மேலறைகளின் கூரைக்கு அருகே பெருந்தமனி ஒட்டிக்கொண்டு போகிறது. ஓட்டைக்கும் பெருந்தமனிக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவர் விளிம்பு சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அங்கே, தேவைக்கு மேல் பெரிய குடை உட்கார்ந்துவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் அதன் ஓரம் சுவரை உரசும். கஞ்சி போட்ட காலர் கழுத்தை அறுப்பதைப் போல. துளை விழுந்தால் இரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் கசிந்து, இதயத்தை விரியவிடாமல் நெருக்கும். நேரத்தோடு பார்த்தால் அறுவை செய்து காப்பாற்ற முடியும். தாமதம்தான் கொல்கிறது.

ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டைக் கேளுங்கள்: பெருந்தமனிப் பக்கத்து விளிம்பு எப்படி இருக்கிறது? குடை சுவரை அழுத்துகிறதா? மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்குகிறவர்களே நம்மில் அதிகம். நான் பார்த்தவரை, நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியாகவே பதில் சொல்கிறார்கள்.

எந்த அறிகுறி வந்தால் ஓட வேண்டும்?

புதிதாக வரும் நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், மயக்கம் அல்லது தலைசுற்றல், காரணமில்லாமல் இதயம் வேகமாக அடித்தல். ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அதுவும் அவசரம்தான். பேசத் தெரியாத குழந்தை என்றால் வெளிறிப் போவது, சோர்ந்து கிடப்பது, பால் குடிக்க மறுப்பது.

தெருமுனைக் கிளினிக்குக்குப் போக வேண்டாம். 999ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவு உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக, இதய ஓட்டைக்குக் கருவி வைத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். தொடையிடுக்கு வழியாக வைத்ததால் உங்கள் நெஞ்சில் தழும்பு இருக்காது. நீங்கள் சொல்லாவிட்டால் முகப்பில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. மலாயில் சொல்ல வேண்டுமானால்: “டி ஜந்தோங் சாயா அடா அலாட் பெனுத்துப் லூபாங்.” ஈசிஜி மட்டும் எடுத்துச் சரியாக இருக்கிறது என்று அனுப்பப் பார்த்தால், எக்கோ எடுக்கும்படி பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். உறைக்குள் இருக்கும் இரத்தத்தைக் காட்டுவது எக்கோதான்.

போன மாதம் நெஞ்சு வலித்தது. வாயு என்று இஞ்சித் தண்ணீர் குடித்தேன், போய்விட்டது. பரவாயில்லையா?

இஞ்சித் தண்ணீர் நல்லது. ஆனால் குடை வைத்தவருக்கு வாயு என்ற முடிவு கடைசியில் வர வேண்டியது, முதலில் அல்ல. வலி போய்விட்டாலும் இந்த வாரமே அழைத்து முன்பதிவு கேளுங்கள்.

கருவிக்குக் கொடுத்த அட்டையைத் தொலைத்துவிட்டேன்.

வைத்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் கேளுங்கள். கருவியின் பெயர், அளவு, வைத்த தேதி மூன்றும் வேண்டும். கிடைத்ததும் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். மயங்கி விழுந்தால் உங்கள் கைப்பேசியின் கடவுச்சொல்லை நீங்கள் சொல்ல முடியாது.

குடை நழுவிப் போகுமா? என் மகன் சிலம்பம் பழகுகிறான்.

நழுவுவது பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள் நடப்பது. அதற்காகவே மறுநாள் எக்கோ பார்த்து அனுப்புகிறார்கள். திசு மூடிய பிறகு நழுவுவது மிக மிக அரிது. முதல் ஒரு மாதம் ஓட்டம், பளு, விளையாட்டு எதுவும் கூடாது. ஆறாம் மாத எக்கோ சரியாக இருந்து மருத்துவரும் சம்மதித்தால் சிலம்பம், பந்து எல்லாம் ஆடலாம். நெஞ்சில் பலமான அடி பட்டு, முன்பு சொன்ன அறிகுறி ஏதாவது வந்தால் உடனே காட்டுங்கள்.

படபடப்பு வருகிறது. ஓட்டையைத்தான் அடைத்துவிட்டார்களே, இன்னும் ஏன்?

முதல் வாரங்களில் வருவது பெரும்பாலும் புதிய கருவியின் உறுத்தல், தானே அடங்கும். பிந்தி வருவதற்குக் காரணம் வேறு. நாற்பது வயதுக்கு மேல் மேலறை ஓட்டையை அடைத்துக்கொண்டவர்களின் மேலறைகள் பல ஆண்டுகள் அதிக இரத்தம் ஏற்று ஏற்கெனவே விரிந்துபோயிருக்கும். ஓட்டை மூடினாலும் அந்தப் பழைய தடம் போகாது. அதனால் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு வரலாம். அது வந்தால் பக்கவாத ஆபத்து உண்டு, இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து தேவைப்படலாம். உடலில் ஒரு நாள் மாட்டிவிடும் ஹோல்டர் கருவியில் அது பிடிபடும்.

கீழறைச் சுவரில் குடை வைத்தவர்களுக்கு நேர்மாறான கவலை. இதயத்தின் மின்னோட்டப் பாதை அந்தச் சுவர் ஓரமாகவே போகிறது. கருவி அதை அழுத்தினால் துடிப்பு மிகவும் மெதுவாகி, மயக்கம் வரும். வைத்து ஆண்டுகள் கழித்தும் இது வரக்கூடும்; பேஸ்மேக்கர் தேவைப்படலாம். இவர்களுக்கு எக்கோ போலவே ஈசிஜியும் ஒவ்வொரு வருகையிலும் முக்கியம். பெருந்தமனி வால்வில் புதிதாகக் கசிவு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

எக்கோவில் ‘சிறிய கசிவு’ என்று எழுதியிருக்கிறார்கள். தோல்வியா?

இல்லை. தொடக்கத்தில் பலருக்கும் இருப்பதுதான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடைந்துவிடும். அடையாமல் அப்படியே இருந்துவிட்ட சிறு கசிவு இதயத்துக்குச் சுமை ஆவதில்லை. ஆனால் அதை மறக்கவும் கூடாது, ஏன் என்பது அடுத்த பதிலில். முன்பு இல்லாத கசிவு புதிதாகத் தெரிந்தாலோ, இருந்தது பெரிதானாலோ காரணம் தேட வேண்டும்.

பல் பிடுங்கப் போகிறேன். ஆன்டிபயாட்டிக் வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், பதில் காலத்தைப் பொறுத்தது. வைத்த முதல் ஆறு மாதம், ஈறு கிழிந்து இரத்தம் வரும் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு, கசிவே இல்லை என்றால் வேண்டாம். கருவியின் ஓரத்தில் கசிவு தீராமல் இருந்தால் தொடர்ந்து வேண்டும். அங்கே திசு முழுதாக மூடாமல், கிருமி ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. முன்பு இதய உட்சுவர்த் தொற்று வந்தவர்களுக்கு வாழ்நாள் முழுதும் வேண்டும்.

இதைவிடப் பெரிய பாதுகாப்பு, காலையும் இரவும் பல் துலக்குவது. இன்னொன்று: காரணம் தெரியாத காய்ச்சல் நாட்கணக்கில் நீடித்தால், கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதற்கு முன் இரத்தக் கிருமிப் பரிசோதனை எடுத்தாக வேண்டும். மருந்து முந்திக்கொண்டால் கிருமி பரிசோதனையில் அகப்படாது. நோய் மட்டும் உள்ளேயே இருக்கும்.

தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன். செய்யலாமா?

தை மாதம் நெருங்கினால் இந்தக் கேள்விதான். சுமை வேறு, அலகு வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பத்துமலையில் 272 படிகள், பினாங்குத் தண்ணீர்மலையில் 513 படிகள். வைத்து ஆறு மாதம் தாண்டி, எக்கோ சரியாக இருந்து, நுரையீரல் இரத்த அழுத்தமும் இயல்பாக இருக்கிறவர் படி ஏறுவதில் தடை இல்லை. விரதம் இருந்து, தண்ணீரும் குறைத்துக்கொண்டு, வெயிலில் பெருங்காவடியைத் தூக்குவது வேறு கதை. அதற்கு மருத்துவரிடம் நேரடியாக, எத்தனை கிலோ என்பது உட்படச் சொல்லிக் கேளுங்கள்.

அலகு குத்துவதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. முதல் ஆறு மாதத்தில் கூடவே கூடாது. கசிவு தீராதவர்களுக்கும் கூடாது. இதயத் தொற்று ஆபத்து உள்ளவர்கள் உடலில் துளையிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்றே மருத்துவ வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. நாக்கிலும் கன்னத்திலும் குத்தும்போது வாயின் கிருமிகள் நேரே இரத்தத்துக்குள் போகின்றன. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு இரத்தமும் எளிதில் நிற்காது. விபூதி கிருமியைக் கொல்லாது என்று சொன்னதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சொல்வதை நிறுத்தவில்லை.

பால்குடம் இருக்கிறது. முருகன் அதைக் குறைவாக மதிப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. குழந்தை பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டவர்கள் கரும்புத் தொட்டில் கட்டலாம். உழைப்பு தூக்குகிறவர்களுக்குத்தான், பிள்ளையின் இதயத்துக்கு ஒரு வேலையும் இல்லை. நெரிசலும் வெயிலும் இல்லாத விடியற்காலையில் போய்விடுங்கள்.

டிங்கிக் காய்ச்சல் வந்தால் கார்டிப்ரினை என்ன செய்வது?

நம் ஊரில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. டிங்கியில் இரத்தத் தட்டுகள் குறையும், ஆஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். அதேசமயம் புதிதாக வைத்த குடைக்கு ஆஸ்பிரின் தேவை. இந்த இரண்டையும் எடை போட வேண்டியவர் மருத்துவர். ஆகவே காய்ச்சல் வந்த அன்றே இரத்தப் பரிசோதனைக்குப் போய், ஆஸ்பிரின் சாப்பிடுவதையும் எதற்காக என்பதையும் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். போன்ஸ்டான், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு அம்மையோ ஃபுளுவோ வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். அந்தக் கூட்டு மூளையையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடும்.

கவரிங் நகை போட்டாலே எனக்கு அரிக்கும். உள்ளே நிக்கல் இருக்கிறதாமே?

இருக்கிறது, நிட்டினாலின் எடையில் ஏறத்தாழ 55 விழுக்காடு நிக்கல். வைத்த முதல் மாதத்தில் இரத்தத்தில் நிக்கல் சற்று ஏறி, திசு மூட மூட இறங்கிவிடுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். தோலில் ஒவ்வாமை உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு உள்ளே ஒன்றும் நேர்வதில்லை. மிகச் சிலருக்கு விடாத தடிப்பு, நெஞ்சு அசௌகரியம், தலைவலி வந்து, கருவியை எடுக்க வேண்டியும் வந்திருக்கிறது. இன்னும் வைக்கவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வைத்த பிறகு புதிதாக ஒற்றைத் தலைவலி வந்தால் அது நிக்கலால்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். மேலறை ஓட்டை அடைத்த சிலருக்கு முதல் மாதங்களில் அது வருவதுண்டு. ஆஸ்பிரினோடு கிளோபிடோக்ரெலும் சேர்த்தால் அது குறைகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது.

எம்ஆர்ஐ எடுக்கலாமா? விமான நிலையத்தில் மணி அடிக்குமா?

இன்றைய நிட்டினால் கருவிகளோடு எம்ஆர்ஐ எடுக்கலாம். அட்டையைக் காட்டினால் எடுப்பவர் நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்வார். விமான நிலையக் கதவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மகளுக்குக் கல்யாணம் பேசுகிறோம். பிள்ளை பெறலாமா?

பெறலாம். வைத்து ஆறு மாதம் போகட்டும். கசிவும் நுரையீரல் உயர் இரத்த அழுத்தமும் இல்லை என்றால் இதயத்தைப் பொறுத்தவரை குறைந்த ஆபத்துள்ள கர்ப்பம்தான். கருத்தரிக்கும் முன் ஓர் எக்கோ, மாத்திரைகளைப் பற்றி ஒரு பேச்சு, கர்ப்பத்தின் நடுவில் சிசுவின் இதயத்துக்கு ஒரு ஸ்கேன். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா என்று கேட்கிறீர்கள், சொல்லுங்கள். நள்ளிரவில் அவளை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகப் போகிறவர்கள் அவர்கள்.

இவ்வளவு இருக்கிறதென்றால், இப்போதே எடுத்துவிட்டால் நல்லதல்லவா?

கூடாது. திசு மூடிய கருவியைக் குழாய் வழியாக இழுக்க முடியாது. நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி எடுத்து, ஓட்டையை மறுபடி தைக்க வேண்டும். நடக்காமலே போகக்கூடிய ஒன்றுக்காக அந்த ஆபத்தை வாங்கிக்கொள்ள எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். அரிப்பு, தொற்று, பெரிய கசிவு என்று காரணம் இருந்தால் மட்டுமே எடுப்பார்கள்.

இதையொட்டி இன்னொன்று. பின்னாளில் துடிப்புக் கோளாற்றுக்கோ வால்வுக்கோ குழாய் சிகிச்சை தேவைப்பட்டால், மேலறைச் சுவரைத் துளைத்துத்தான் இடப்பக்கம் போவார்கள். அங்கே குடை இருந்தால் வேலை கடினமாகும், ஆனால் முடியாதது அல்ல. கருவியின் அளவை அந்த மருத்துவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். தொலைந்த அட்டையைப் பற்றி நான் அத்தனை பேசியது இதற்காகவும்தான்.

மகனுக்கு ஆறு வயதில் வைத்தது. இப்போது இருபது. குழந்தைகள் பிரிவில் இனிப் பார்ப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள், அவனும் “எனக்கு ஒன்றுமில்லை” என்று வர மறுக்கிறான்.

பதினெட்டு வயதில் குழந்தைகள் பிரிவின் கதவு மூடும். பெரியவர்கள் பிரிவின் கதவைத் தட்ட யாரும் அழைத்துப்போவதில்லை. அந்த இடைவெளியில் காணாமல் போகிறவர்கள் ஏராளம். பழைய மருத்துவமனையிலிருந்து ஒரு சுருக்கக் கடிதமும் பரிந்துரையும் வாங்குங்கள். பிறவி இதயக் குறையோடு வளர்ந்த பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் தலைநகரில் ஐஜேஎன் என்ற தேசிய இருதயக் கழகத்தில் இருக்கிறார்கள். வடக்கே இருப்பவர்கள் பினாங்கு மருத்துவமனையில் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்கலாம். அரசாங்க நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 வெள்ளி.

அவனிடம் சண்டை போட வேண்டாம். நீங்கள் பேசாமல், அவனே மருத்துவரிடம் தனியாகப் பேசட்டும். அதுவரைக்கும், எந்த ஓட்டை, என்ன கருவி, எந்த அறிகுறிக்கு ஓட வேண்டும் என்ற மூன்றையும் அவன் வாயால் ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் இந்தப் பக்கத்தை அவனுக்கு அனுப்புங்கள்.